72 மணி நேர விதியும் ஒரு கேனுலாவும்

மருந்து ஏற்றுவதற்காகக் கையின் சிரைக்குள் போட்ட மெல்லிய குழாயை, அதாவது கேனுலாவை, மூன்றாவது நாள் கழற்றிவிட்டு, வேறோர் இடத்தில் புதிதாகப் போட வேண்டும் என்பது நான் பணியில் சேர்ந்தபோது எங்கள் வார்டில் இருந்த விதி. 72 மணி நேர விதி என்று அதைச் சொல்வோம். போட்ட தேதியும் நேரமும் பிளாஸ்திரியின் மேல் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு முடிந்துவிட்டால், கேனுலா எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் எடுத்துவிடுவோம். முதுமையால் தோல் மெலிந்து, சிரைகள் விரல் பட்டாலே நழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு அப்படி மாற்றப் போய், மூன்று முறை குத்தியும் சிரை கிடைக்காமல் நான் நின்ற காலை ஒன்று உண்டு. "நல்லா ஓடிக்கிட்டிருந்ததை ஏம்மா எடுத்தீங்க?" என்று அவர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை; உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "மூணு நாள் ஆயிடுச்சுங்க ஐயா, மாத்தணும்" என்றேன். மூன்று நாள் ஆனால் ஏன் மாற்ற வேண்டும் என்று அவர் அடுத்துக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. வைத்திருந்தால் தொற்று வரும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எத்தனை பேருக்கு வரும், மாற்றுவதால் அது எவ்வளவு குறையும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

செவிலியர் படிப்பில் ஆராய்ச்சி ஒரு தனிப் பாடமாக இருந்தது. கருதுகோள் என்றால் என்ன, மாறிகள் எத்தனை வகைப்படும், மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் யாவை என்று மனப்பாடம் செய்து தேர்வெழுதினோம். குழுவாகச் சேர்ந்து சிறிய ஆய்வொன்றைச் செய்து, பைண்டு செய்து ஒப்படைத்தோம். அந்தப் பாடத்துக்கும் வார்டில் எங்கள் கைகள் செய்யும் வேலைக்கும் தொடர்பு இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெரியவரின் கேள்விதான் என்னை முதன்முறையாக ஓர் ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் படிக்க வைத்தது.

முதலில் படித்தவை எதுவும் மனத்தில் நிற்கவில்லை. கதைப் புத்தகத்தைப் படிப்பதுபோல் முதல் வரியிலிருந்து தொடங்குவேன், முன்னுரையில் வரும் மேற்கோள்களிலேயே களைத்துப்போவேன், அட்டவணைகளைத் தாண்டிவிடுவேன், கடைசியில் முடிவுரையின் இரண்டு வரிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, 'ஆய்வில் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்' என்று நினைத்துக்கொள்வேன். அப்படிப் படித்ததால், யாரோ சொன்னதைக் கேட்டு நடப்பதிலிருந்து நான் ஓர் அடிகூட நகரவில்லை. சொல்பவர் மட்டுமே மாறியிருந்தார்.

இதை மாற்றியவர் எங்களுக்குப் பணியிடைப் பயிற்சி அளித்த மூத்த செவிலியர் ஒருவர். கட்டுரையைத் திறப்பதற்கு முன்பு கேள்வியை ஒரு தாளில் எழுதச் சொன்னார். கேள்விக்கு நான்கு பகுதிகள் இருக்க வேண்டும்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதற்குப் பதிலாகச் செய்கிறோம், என்ன விளைவை எதிர்பார்க்கிறோம். பிகோ என்று படிப்பில் கேள்விப்பட்டிருந்ததுதான் இது. ஆனால் என் வார்டு நோயாளியை மனத்தில் வைத்து எழுத உட்கார்ந்தபோது, நான்காவது பகுதியில் பேனா நின்றுவிட்டது. சிரை அழற்சி வரக் கூடாது என்பதா, இரத்த ஓட்டத்தில் தொற்று ஏறக் கூடாது என்பதா, அநாவசியமாக ஊசி குத்தக் கூடாது என்பதா? மூன்றையும் சேர்த்து எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "இது மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் விடை வேறாக இருக்கலாம்" என்றார். அந்தச் சொல்லின் முழுப் பொருள் எனக்குப் புரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

கேள்வியோடு தேடியபோது கிடைத்தது, 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மூன்று மருத்துவமனைகளில், நான்கு நாளுக்கு மேல் கேனுலா தேவைப்படும் என்று எதிர்பார்க்கப்பட்ட 3,283 பெரியவர்களைக் கொண்டு அதை நடத்தியிருந்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கேனுலா மூன்று நாளுக்கு ஒருமுறை வழக்கம்போல் மாற்றப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு, மாற்றுவதற்கான அறிகுறி தென்பட்டால் மட்டுமே மாற்றப்பட்டது. ஆய்வுக்குத் தலைமை தாங்கிய கிளேர் ரிக்கார்ட் ஒரு செவிலியர் என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பெரியவரின் கட்டிலருகே விடை தெரியாமல் நின்ற அதே கேள்வியை, நம் தொழிலைச் சேர்ந்த ஒருவர் கையில் எடுத்து, 3,283 பேரிடம் கேட்டு விடை தேடியிருக்கிறார்.

இம்முறை செய்முறைப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்கினேன். இன்றுவரை அப்படித்தான் படிக்கிறேன். யாரை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல்போல், முடிவு செய்திருந்தார்கள். இது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது வார்டில் வேலை செய்பவருக்கு எளிதில் விளங்கும். யாருடைய கேனுலாவை விட்டுவைப்பது என்று என்னைக் கேட்டால், திடமான சிரையும் நல்ல உடல்நிலையும் உள்ளவர்களுடையதைத்தான் விட்டுவைப்பேன். பிறகு அவர்களுக்கு அழற்சி குறைவாக வந்தது என்றால், அது விட்டுவைத்ததால் வந்த நன்மையா, அவர்களுடைய சிரையின் நன்மையா என்று பிரித்தறிய வழியிருக்காது. சமவாய்ப்பு இந்தக் கையை, அதாவது என் விருப்பத்தின் கையை, நடுவிலிருந்து விலக்கிவிடுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். எந்தப் பிரிவு என்பது கவனிப்பவருக்குத் தெரியாமல் மறைக்க இந்த ஆய்வில் வழியில்லை, ஏனெனில் கேனுலா எத்தனை நாள் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அப்படியிருக்கும்போது, அழற்சி வந்ததா இல்லையா என்று பார்ப்பவரின் எண்ணம் கணக்கில் கலந்துவிடாதா? அதைத் தடுக்கத்தான் வரையறையைக் கறாராக வைத்திருந்தார்கள்: வலி, சிவப்பு, வீக்கம், சீழ், சிரை கயிறுபோல் தடித்திருத்தல் ஆகியவற்றில் இரண்டேனும் இருந்தால்தான் அது சிரை அழற்சி. மறைக்க முடியாத குறை அப்போதும் முற்றிலும் நீங்கிவிடாது. ஆனால் குறை எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்டு படிப்பது, கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைவிடவும் ஒரேயடியாக ஒதுக்கிவிடுவதைவிடவும் பயனுள்ளது.

பிறகுதான் முடிவுகள். அறிகுறி கண்டு மாற்றிய பிரிவில் 1,593 பேரில் 114 பேருக்கு அழற்சி. வழக்கப்படி மாற்றிய பிரிவில் 1,690 பேரில் 114 பேருக்கு. இரண்டும் ஏறத்தாழ 7 விழுக்காடு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.41 விழுக்காடு, அதன் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி -1.33 முதல் 2.15 வரை. நம்பிக்கை இடைவெளி என்ற சொல்லைத் தேர்வுக்கு எழுதியிருந்தேனே தவிர, அது என்னிடம் என்ன சொல்கிறது என்று அன்றுவரை யோசித்ததில்லை. எண்களை ஆட்களாக மாற்றிப் பார்த்தபோதுதான் அது பேசத் தொடங்கியது. நூறு நோயாளிகளின் கேனுலாவை நேரக் கணக்கு பார்க்காமல் விட்டுவைத்தால், மிக மோசமான நிலையில் இருவருக்கோ, இருவரைச் சற்றே தாண்டியோ கூடுதலாக அழற்சி வரலாம். மிக நல்ல நிலையில் ஒருவருக்கோ அதற்குச் சற்று மேலோ குறையலாம். உண்மை இந்த எல்லைகளுக்குள் எங்கோ இருக்கிறது என்று கொள்வது நியாயம். வேறுபாடு 3 விழுக்காட்டுக்குள் இருந்தால் இரண்டு முறைகளையும் சமமாகக் கருதலாம் என்று ஆய்வைத் தொடங்கும் முன்பே அவர்கள் எழுதிவைத்திருந்தார்கள். இடைவெளி முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது. 'வேறுபாடு தென்படவில்லை' என்பதும் 'இரண்டும் சமம்' என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என்பதை இந்த ஒரு வரியில்தான் கற்றுக்கொண்டேன். முப்பது பேரை வைத்து ஆய்வு செய்தால் எதற்கும் எதற்கும் வேறுபாடு தென்படாமல் போகலாம். சமம் என்று சொல்ல வேண்டுமானால் இடைவெளி குறுகியதாக இருக்க வேண்டும், எவ்வளவு குறுகியது என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்கவும் வேண்டும்.

விழுக்காடுகளைப் பற்றி இன்னொன்று. லிண்டா ஐக்கென் தலைமையில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. செவிலியர் ஒருவரின் பொறுப்பில் இன்னொரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 விழுக்காடு கூடுவதாக அது காட்டியது. நூற்றுக்கு ஏழு பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று இதைப் புரிந்துகொண்டு பேசியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நோயாளிகளில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் இறந்தார்கள். அந்த இரண்டின் மேல்தான் 7 விழுக்காடு ஏறுகிறது. நான்கு நோயாளிகளுக்குப் பதில் எட்டுப் பேர் என்றால் 31 விழுக்காடு. நூறு பேர் கொண்ட கணக்கில் அது சிறிய மாற்றமாகத் தெரிந்தாலும், அந்த ஆய்வில் இருந்தவர்கள் 2,32,342 பேர். மொத்த எண்ணிக்கையைக் கேட்காமல் விழுக்காட்டை மட்டும் கேட்டால் தேவையற்ற அச்சமோ தேவையற்ற அலட்சியமோ வருகிறது.

கேனுலாவோடு நிற்காமல் என் கைப்பழக்கங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன். படுக்கைப் புண் வராமல் இருக்க முதுகிலும் இடுப்பெலும்பின் மேலும் ஸ்பிரிட் தடவித் தேய்க்கக் கற்றிருந்தேன். பூச்சுகளால் பயனில்லை, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பதே பயன் தருகிறது என்பதை டோரீன் நார்ட்டனும் அவருடைய குழுவினரும் 1962-லேயே வெளியிட்டிருந்தார்கள். எலும்பு மேடுகளைத் தேய்ப்பது திசுவுக்குக் கேடு செய்யக்கூடும் என்பதால் இன்றைய வழிகாட்டுநெறிகள் அதை விலக்குகின்றன. மூக்குவழி இரைப்பைக் குழாயைப் போட்டபின் சிரிஞ்சால் காற்றைச் செலுத்தி, வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலி கேட்டு, 'சரியான இடத்தில் இருக்கிறது' என்று எழுதிவந்தேன். குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தாலும் அதே ஒலி கேட்கக்கூடும். உறிஞ்சி எடுத்த நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறதா என்று பார்ப்பதும், ஐயமிருந்தால் எக்ஸ்ரே எடுப்பதுமே நம்பத்தக்கவை. இவற்றைப் படித்த இரவுகளில், நான் தேய்த்துவிட்ட முதுகுகளை நினைத்து உறங்க முடியாமல் இருந்திருக்கிறேன்.

கட்டுரையைப் புரிந்துகொள்வது ஒரு பாதி. அதை வார்டுக்குக் கொண்டுபோவது வேறொரு பாதி, அதில்தான் நாங்கள் தவறினோம். குயின்ஸ்லாந்து ஆய்வை நானும் உடன் பணிபுரிந்த மூவரும் சேர்ந்து தலைமைச் செவிலியரிடமும் மருத்துவர்களிடமும் தொற்றுத் தடுப்புக் குழுவிடமும் எடுத்துச் சொன்னோம். கூட்டங்கள் நடந்தன, ஒப்புதல் கிடைத்தது. 72 மணி நேர விதியை எடுத்துவிட்டு, 'அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றவும்' என்று தாளில் எழுதி ஒட்டினோம். முதல் சில வாரங்கள் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. குத்துவது குறைந்தது, நேரம் மிஞ்சியது, நோயாளிகளும் மகிழ்ந்தார்கள்.

பிறகு ஒரு காலையில், கை அசையாமல் இருக்க மணிக்கட்டைச் சுற்றித் துணிக்கட்டுப் போட்டிருந்த நோயாளி ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. முந்தைய மூன்று ஷிப்டுகளின் ஹேண்டோவரிலும், அதாவது அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போதும், 'ஐ.வி. நன்றாக இருக்கிறது' என்று சொல்லப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்றைச் சொன்னவள் நான். மருந்து தடையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்ததால் அப்படிச் சொன்னேன். கட்டைப் பிரித்துப் பார்த்தபோது, கேனுலாவின் நுனியிலிருந்து முழங்கையை நோக்கிச் சிவந்த கோடொன்று ஏறியிருந்தது. விரலை வைத்தால் தோலுக்கடியில் சிரை கயிறாகத் தட்டுப்பட்டது. தொட்டதும் அவர் கையை இழுத்துக்கொண்டார். கேனுலாவை எடுத்து, சிகிச்சை கொடுத்து, அவர் குணமடைந்து வீடு திரும்பினார். ஆனால் அந்தக் கட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒன்றரை நாளாக ஒருவரும் பார்க்கவில்லை என்ற உண்மை அப்படியே இருந்தது.

அன்று மாலை அதே கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். 'அறிகுறி இருந்தால் மாற்றுவது' என்பதில், அறிகுறியை யாராவது தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அடங்கியிருக்கிறது. ஆய்வில் அந்த இடம் நாள்தோறும் கண்காணிக்கப்பட்டது. என்ன பார்க்க வேண்டும் என்பது எழுதப்பட்டிருந்தது. நாங்கள் முடிவை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தோம், அந்த முடிவைத் தாங்கி நின்ற கண்காணிப்பை அங்கேயே விட்டுவிட்டோம். இன்னொன்றையும் அப்போதுதான் உணர்ந்தேன். பழைய விதி காரணமில்லாத விதி என்று நான் நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு பாதுகாப்பு இருந்தது. மூன்று நாளுக்கு ஒருமுறையேனும் யாராவது கட்டைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கியிருந்தது.

2021-இல் ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளிலிருந்து வெளிவந்த ஆய்வு, எங்கள் வார்டில் நடந்ததை மிகப் பெரிய அளவில் காட்டியது. அங்கே 96 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றும் வழக்கத்தைக் கைவிட்டு, அறிகுறி கண்டு மாற்றும் முறைக்கு மாறினார்கள். பிறகு பழைய முறைக்கே திரும்பினார்கள். மாறுவதற்கு முன்பு ஏறத்தாழ 2,41,000 கேனுலாக்களில் 11 இரத்த ஓட்டத் தொற்றுகள். மாறிய காலத்தில் ஏறத்தாழ 1,31,000 கேனுலாக்களில் 46. திரும்பியபின் ஏறத்தாழ 40,000 கேனுலாக்களில் 4. இது சமவாய்ப்பு ஆய்வன்று, முன்னும் பின்னும் ஒப்பிட்டது. அந்தக் காலத்தில் வேறு ஏதேனும் மாறியிருக்கவும் கூடும். ஆனாலும் ஏறியதும் இறங்கியதும் விதி மாற்றத்தோடு சேர்ந்தே நடந்திருக்கின்றன, அதைத் தள்ளிவிட முடியாது. அப்படியானால் 2012 ஆய்வு தவறா? இல்லை. ஒரு தீங்கு 3,000 பேருக்கு ஒருவருக்கு மட்டுமே நேருமானால், 3,283 பேர் கொண்ட ஆய்வில் அது ஒருமுறை தென்படலாம், தென்படாமலும் போகலாம். 1,500 பேரில் ஒருவருக்குக்கூட நேரவில்லை என்றாலும், உண்மையில் 500 பேருக்கு ஒருவர் என்ற அளவுவரை அது இருக்க இடமுண்டு என்பது புள்ளியியலில் எளிய கணக்கு: மூன்றை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த எல்லை கிடைக்கும். சிரை அழற்சி பற்றிய கேள்விக்கு 2012 ஆய்வு தெளிவாக விடை சொன்னது. இரத்த ஓட்டத் தொற்று பற்றிய கேள்விக்கு விடை சொல்லும் அளவு அதற்கு இல்லை. மூன்று கேள்வி, விடைகள் வேறாக இருக்கலாம் என்று மூத்த செவிலியர் சொன்னது இதைத்தான்.

இப்போது எங்கள் வார்டில் இருக்கும் விதி பழையதும் அன்று, நாங்கள் முதலில் ஒட்டிய தாளும் அன்று. கேனுலாவின் மேல் ஒளி ஊடுருவும் டிரெஸ்ஸிங் மட்டுமே போட வேண்டும். துணிக்கட்டு தேவைப்பட்டால் ஒவ்வொரு ஷிப்டிலும் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஹேண்டோவரின்போது வருபவரும் போகிறவரும் சேர்ந்து அந்த இடத்தைப் பார்க்கிறார்கள், இரவில் டார்ச்சோடு. கிருமிநீக்க முறைகளைப் பின்பற்ற நேரமில்லாத அவசர நிலையில் போட்ட கேனுலாவை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுகிறோம். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுநெறியும் அதைத்தான் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் முன்பு கேட்கும் கேள்வி, 'இவருக்கு இன்று இது தேவையா?' என்பது. வாய்வழி மாத்திரைக்கு மாறிய பிறகும் ஒரு நாள் இருக்கட்டும் என்று விட்டுவைத்த கேனுலாக்களை எடுக்கத் தொடங்கியபோது, மாற்றலாமா வேண்டாமா என்ற விவாதமே பல கட்டில்களில் தேவையற்றுப்போனது. மேலும், ஊசிக்கு மிகவும் அஞ்சும் ஒருவரும், கையில் எதுவும் இருப்பதைத் தாங்காத ஒருவரும் ஒரே எண்களைக் கேட்டாலும் வெவ்வேறு முடிவை விரும்பலாம். அந்த எண்களை அவர்களுக்குப் புரியும் சொற்களில் எடுத்துச் சொல்வதும் என் வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

மாதம் ஒருமுறை நாங்கள் நால்வராகத் தொடங்கிய வாசிப்புக் கூட்டத்துக்கு இப்போது வேறு வார்டுகளிலிருந்தும் வருகிறார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவர்களுக்கு வாயைக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் துடைப்பதை நாங்கள் பல ஆண்டுகளாக அக்கறையோடு செய்துவந்தோம். 2022-இல் வெளிவந்த அமெரிக்கத் தொற்றுத் தடுப்புப் பரிந்துரைகள் அதை விட்டுவிட்டுப் பல் துலக்கிவிடச் சொல்கின்றன. இந்த மாதக் கேள்வி அதுதான். தாளில் நான்கு பகுதிகளையும் எழுதிவிட்டோம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வரும் இளைய செவிலியர் ஒருவர் அடியில் ஐந்தாவதாக ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்: 'இதை நிறுத்தினால், இதைச் செய்யும்போது கூடவே செய்துவந்த எதை நாம் நிறுத்திவிடக் கூடும்?'